அரசுப் பணத்தில் சேர்ந்த மைலும் குடும்பத்தின் பனிப்பயணமும்

விமான நிறுவனங்கள் தம்மிடம் அடிக்கடி பயணம் செய்வோரைக் கைநழுவ விடாதிருக்கும் பொருட்டு, பயணத்தின் தொலைவுக்கோ கட்டணத்துக்கோ ஏற்பச் சில புள்ளிகளைப் பயணியின் பெயரில் வரவு வைத்து, அவை போதிய அளவு சேர்ந்ததும் பணமின்றியோ மிகக் குறைந்த பணத்திலோ வேறொரு பயணச்சீட்டை அளிக்கின்றன. இப்புள்ளிகளே பொதுவழக்கில் ‘மைல்’ எனப்படுகின்றன. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தொடங்கிய திட்டத்தின் வழியில் உலகெங்கும் பரவிய இம்முறை, இந்தியாவில் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் நடத்தும் திட்டங்கள்வரை வந்திருக்கிறது. இதன் அமைப்பில் ஒரு கூறு அறநெறி நோக்கில் கவனத்துக்குரியது. சீட்டுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவராகவும், புள்ளியைப் பெறுபவர் மற்றொருவராகவும் இருக்கலாம். அலுவலகம் பணம் கட்டுகிறது, அலுவலர் பறக்கிறார், மைல் அலுவலரின் பெயரில் ஏறுகிறது. அந்த மைலைக் கொண்டு அவர் குளிர்கால விடுமுறையில் தம் குடும்பத்தாருக்குக் காஷ்மீரிலுள்ள குல்மார்க்கின் பனியைக் காட்ட அழைத்துச் செல்வது முறைதானா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

அந்த ஆசையை இழித்துப் பேச இடமில்லை. மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் பேரையூர் வட்டம், பருத்தியும் மக்காச்சோளமும் சிறுதானியமும் மழையை நம்பி விளையும் கரிசல் பூமி. அங்கே மார்கழிப் பனி என்றால் விடியற்காலையில் வைக்கோற்போரை நனைத்துவைக்கும் பனியும், துண்டைப் போர்த்திக்கொண்டு டீக்கடை அடுப்போரம் நிற்கச் செய்யும் குளிரும்தான். காஷ்மீரிலோ டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில் ஏரிக்கரைகள் உறைகின்றன, குழாய்க்குள் நீர் கட்டியாகி நிற்கிறது. கரிசல் ஊரொன்றில் பிறந்து, படித்து, மத்திய அரசு வேலைக்குப் போய், அலுவல் நிமித்தம் டில்லிக்கும் சென்னைக்கும் பறந்து திரியும் நிலைக்கு வந்த ஒருவர், தாம் சிறுவயதில் சினிமாவில் மட்டும் கண்ட பனியைத் தம் பிள்ளைகள் கையால் அள்ள வேண்டும் என்று விரும்புவது இயல்பே. மதுரையிலிருந்து ஸ்ரீநகர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். இடையில் சென்னையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ மாறித்தான் போக வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் நால்வருக்குச் சீட்டு எடுப்பது நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். கணக்கில் மைல் கிடக்கும்போது கை அதை நோக்கிப் போகிறது.

இந்திய அரசின் நிலைப்பாடு இதில் ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13 அன்று வெளியிட்ட பயணப்படி ஆணை, அலுவல் பயணங்களில் சேரும் மைல் புள்ளிகள் அலுவலர்களின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்பட வேண்டும் என்றும், அவற்றைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துவது துறை நடவடிக்கைக்கு உள்ளாகும் என்றும் கூறுவதோடு, அரசு செலவில் நடக்கும் பயணத்தின் பலன் அரசையே சேர வேண்டும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குடும்பத்தோடு சொந்த ஊருக்கோ நாட்டின் வேறு பகுதிக்கோ சென்றுவர ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகை, பேச்சுவழக்கில் எல்.டி.சி., தனியே உண்டு. சொந்த ஊர்ப் பயணத்துக்கு மாற்றாக ஜம்மு காஷ்மீருக்கு விமானத்திலேயே செல்வதற்கும் அதில் சிறப்புத் தளர்வு வழங்கப்பட்டு, காலம் தோறும் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே பனியைக் காண நேர்வழியே இல்லை என்று ஓர் ஊழியர் சொல்ல முடியாது.

ஆயினும் விதி இருப்பதாலேயே அறக்கேள்வி முடிந்துவிடாது. ஏனெனில் இதே பொருளில் நாட்டுக்கு நாடு வேறு முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2001 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், கூட்டரசு ஊழியர்கள் அலுவல் பயணத்தில் பெறும் மைல்களைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதித்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளியானதால், பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சர் கிரெகோர் கீசி 2002 ஜூலை 31 அன்று பதவி விலகினார். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் உரிமையாக இருந்த செயல் மறுகரையில் ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்தது என்றால், குற்றம் செயலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்றாகிறது. அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

மைலை ஊழியரே அனுபவிக்கலாம் என்போரின் வாதங்களுள் வலிமையானது ஈடு பற்றியது. அலுவல் பயணம் ஊழியரின் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவே வீட்டைவிட்டுக் கிளம்பியவர் பிள்ளையின் காய்ச்சலின்போதும் பள்ளி ஆண்டுவிழாவின்போதும் அருகில் இல்லாதிருந்ததற்குக் குடும்பம் கொடுத்த விலையும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த விலைக்குப் பதிலாக, அதே பயணங்களில் சேர்ந்த மைலில் அதே குடும்பம் ஒருமுறை பனியைப் பார்த்துவந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கப்படுகிறது. இழப்பு உண்மையானது என்பதால் இக்கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று.

இதற்கான விடை வடக்கின் பனிமலையிலேயே இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல் முகாம் மீது பனிப்பாறை சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது படையணி வீரர்கள் பதின்மரின் உயிரைக் கொண்டுபோனபோது, அவர்களுள் ஒருவர் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டியைச் சேர்ந்த சிப்பாய் கணேசன். மதுரைச் சமவெளியின் சிற்றூர்களுக்கு இமயத்தின் குளிர் இவ்வழியாகவும் அறிமுகமானதே. அந்தக் குளிரில் நிற்பதற்கு அரசு ஓர் ஈடு வைத்திருக்கிறது; அதற்குச் சியாச்சின் படி என்று பெயர்; 2017இல் அது வீரர்களுக்கு மாதம் 30,000 ரூபாயாகவும் அதிகாரிகளுக்கு 42,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அத்தொகை போதுமா என்பது வேறு பேச்சு. இங்கு நோக்க வேண்டியது அது வழங்கப்படும் முறை: ஊதியக்குழு ஆராய்ந்து, அமைச்சரவை முடிவெடுத்து, அரசாணையில் அச்சிட்டு, எவரும் பார்க்கும்படி வழங்கப்படும் ஈடு அது. நாட்டிலேயே கடினமான பணியிடத்துக்குரிய ஈடு இவ்வளவு வெளிப்படையாக நிர்ணயிக்கப்படும்போது, விமான நிலையங்களில் காத்திருந்த களைப்புக்கான ஈட்டை ஓர் அலுவலர் தாமே மதிப்பிட்டு, தாமே ஒப்புதல் அளித்து, தாமே எடுத்துக்கொள்வதற்கு நியாயம் இல்லை. ஈடு தேவை என்றால் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது வாதம், பயன்படுத்தாவிட்டால் மைல் காலாவதியாகி யாருக்கும் இல்லாமல் போகிறது என்பது. மதுரை மாவட்டத்துக் கண்மாய்களின் வழக்கம் இதைத் தெளிவாக்கும். கண்மாய் வற்றும் காலத்தில் மீன் ஏலம் விடப்பட்டு, தொகை பொதுவில் சேர்கிறது. சில ஊர்களில் ஏலமே விடாமல், பெரியவர்கள் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா நடக்கிறது. மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி நாள் தவறாமல் கரையில் நிற்பவர். மீன் துள்ளுவதை எல்லாருக்கும் முன் காண்பவர். சேற்றில் சில மீன்கள் வீணே செத்துப்போகும் என்பதும் அவருக்குத் தெரியும். என்றாலும் துண்டு வீசப்படும் முன் அவர் ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊர் அதைத் திருட்டு என்றே சொல்லும், வீசப்பட்டபின் அவரும் எல்லாரோடும் கூடை நிறைய அள்ளலாம். அமெரிக்கச் சட்டம் துண்டு வீசப்பட்ட நிலை. இந்தியாவில் அது வீசப்படவில்லை. பொதுப்பொருளின் உரிமையாளர், அதாவது சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுக்கும் ஒவ்வொருவரும், தம் பிரதிநிதிகள் வழியாக விட்டுக்கொடுப்பதற்கும், காவலில் இருப்பவர் அதற்குமுன் எடுத்துக்கொள்வதற்கும் இடையிலேதான் குற்றத்தின் எல்லை ஓடுகிறது.

மைல் தனக்கே வரும் என்று அறிந்தவர் மலிவான விமானத்தை விட்டுவிட்டுத் தம் கணக்குள்ள விமானத்தைத் தேர்வார், தொலைபேசியில் முடியும் வேலைக்கும் நேரில் போவார் என்ற ஆபத்தும் உண்டு. அலுவல் பயணச்சீட்டு குறைந்த கட்டணத்தில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் நிதி அமைச்சகம் வலியுறுத்த நேர்ந்தது, இவ்வகைச் சாய்வுகளுக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

பேரையூர் வட்டத்துக்குள்ளேயே இருக்கும் டி.கல்லுப்பட்டிக்கு இப்பொருளில் தனி உரிமை உண்டு. லண்டனில் கணக்கியல் பயின்று, பின் காந்தியோடு இணைந்து, இயற்கையையும் பிறர் உழைப்பையும் உறிஞ்சாத நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945இல் நூல் எழுதிய ஜே.சி.குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று காலமானார். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் இருந்தபோது, அங்கு வந்த காந்தியின் குழுவினருக்கான செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று அவர் மறுத்தது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கும் செய்தி. காந்தி பீகாருக்கு உல்லாசமாக வந்தவர் அல்லர், நிவாரணப் பணிக்கே வந்தவர், தொகையும் பெரிதன்று. ஆனால் நிதி கொடுத்தவர்கள் வீடிழந்தோருக்கென்று கொடுத்தார்கள் என்பதே குமரப்பாவுக்குப் போதுமான காரணமாக இருந்தது. பணம் எதற்கென்று கொடுக்கப்பட்டதோ அதற்கே போக வேண்டும் என்ற அந்தக் கணக்கனின் அளவுகோலை மைல் மீது வைத்துப் பார்த்தால், அரசு வாங்கிய சீட்டின் ஒரு துண்டே மைல் என்பது உடனே தெரிகிறது.

குடும்பத்துக்காகச் செய்வது என்ற எண்ணம்தான் இந்தத் தவற்றை மென்மையாக்கிக் காட்டுகிறது. திருக்குறளில் திருட்டைக் கண்டிக்கும் கள்ளாமை துறவறவியலில் இருக்க, பிறர்பொருளை விரும்புவதைக் கண்டிக்கும் வெஃகாமை இல்லறவியலில் வைக்கப்பட்டிருக்கும் வரிசைமுறை சிந்திக்கத்தக்கது. தனக்கென்று எடுக்கக் கூசுபவனும் மனைவி மக்களுக்கு என்று வரும்போது கூச்சத்தை ஒதுக்கிவிடுவான் என்பதை இல்லறத்தான் தன்னிடமே காணலாம். பிள்ளைகளும் விவரமறியாதவர்கள் அல்லர். சீட்டு எப்படிக் கிடைத்தது என்று பத்து வயதுக் குழந்தை கேட்டால், ‘ஆபீஸ்ல சேர்ந்த பாயிண்ட்’ என்ற பதிலிலிருந்து அது கற்றுக்கொள்வது பனியைப் பற்றி மட்டும் அன்று.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்வோர் நிலை வேறு. நிறுவனம் தன் விதியில் மைலை ஊழியருக்கே விட்டிருந்தால் அது ஊதியத்தின் ஒரு பகுதி. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. சொந்தக் கடன் அட்டையில் சேரும் மைலோ சற்று நின்று யோசிக்க வைப்பது. மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையில் அட்டையை நீட்டினால், கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடும் என்று கல்லாவில் இருப்பவர் சொல்வது வழக்கம். அட்டைக்காக வணிகர் வங்கிக்குச் செலுத்தும் கட்டணத்தை அவர் அப்படி வெளிப்படையாகக் கேட்கிறார், கேட்காத கடைகளில் அது எல்லாப் பொருளின் விலையிலும் கலந்து, ரொக்கம் கொடுத்து வாங்குபவர் தலையிலும் விழுகிறது. அட்டை மைலுக்கான செலவின் ஒரு பங்கு இந்தக் கட்டணத்திலிருந்தும், இன்னொரு பங்கு தவணை தவறி ஆண்டுக்கு 40 விழுக்காட்டை நெருங்கும் வட்டி கட்டுவோரிடமிருந்தும் வருகிறது. ஆகவே அட்டை மைல் ‘சும்மா’ கிடைப்பதாக எண்ணுவது பிழை. ஆனால் இந்த அநீதியைச் சரிசெய்ய வேண்டியவை ரிசர்வ் வங்கியும் அரசும். செலவை முழுதாகத் திருப்பிச் செலுத்தும் தனி மனிதரைக் குற்றவாளியாக்குவது மிகை.

பயணத்தின் புகை எந்த மைலுக்கும் பொது. மதுரையிலிருந்து நால்வர் ஸ்ரீநகருக்குச் சென்று திரும்பினால் வெளியாகும் கரியமில வாயு, தோராயக் கணக்கில், சுமார் இரண்டு டன். சராசரி இந்தியர் ஒருவர் ஓராண்டு முழுதும் வெளியிடும் அளவும் ஏறக்குறைய அதுவே. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றி வறண்டு கிடந்தன. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தள்ளிவைக்கப்பட்டன. வாழ்நாளில் ஒருமுறை செல்லும் குடும்பத்தின் மீது இதற்கான பழியைச் சுமத்த முடியாது என்றாலும், பணம் கொடுக்காத பயணம் செலவில்லாத பயணம் ஆகிவிடாது என்பதற்கு இதுவும் சான்று.

அலுவல் மைலை அலுவலரின் பெயரில் ஏற்றாமல் துறையின் பெயரிலேயே சேர்க்கும் ஏற்பாட்டை அரசும் விமான நிறுவனங்களும் செய்துகொள்வது கடினமான காரியம் அன்று. நிறுவனங்களுக்கென்று தனிக் கணக்குத் திட்டங்கள் ஏற்கெனவே உள்ளன. அது நடக்கும்வரை, அரசுப் பணத்தில் சேர்ந்த மைல் அடுத்த அலுவல் பயணத்துக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் காலாவதியாகட்டும். குல்மார்க்குக்கு எல்.டி.சி.யிலோ சொந்தப் பணத்திலோ செல்லலாம். இரண்டுக்கும் வழியில்லாத ஆண்டில், மதுரை ஆரப்பாளையத்திலிருந்து பேருந்து ஏறினால் கொடைக்கானல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அங்கும் புல்வெளியில் உறைபனி படிகிறது.