ஆற்றல் கூட்டும் முன்

எடப்பாடியில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், விசைத்தறிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், தம் தந்தை விட்டுச் சென்ற மாருதி ஜிப்சி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றார். உடன் நானும் போயிருந்தேன். 970 சி.சி. எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை வண்டி அது. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய பலேனோ காரின் 1590 சி.சி. எஞ்சினைப் பொருத்த வேண்டும். கையால் மாற்றும் கியருக்குப் பதிலாகத் தானியங்கி கியர் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்குக் காரணமும் இருந்தது. விபத்தொன்றில் அவருடைய இடக்கால் முறிந்து கூடியது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறது. மெக்கானிக் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பின்பு, "ஓட்டத்தைக் கூட்டிப் போட்றலாங்க தம்பி. நிறுத்தறதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? இதைச் சற்றே சிந்திப்பது நமக்கு நலம் பயக்கும்.

வண்டியின் அமைப்பை முதலில் நோக்குவோம். எஞ்சினில் பிறக்கும் விசை கியர் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஒரு சிறு தண்டின் வழியாக, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் மற்றொரு பெட்டிக்கு வருகிறது. பின்னர் நீண்ட தண்டுகள், அச்சுகள், சக்கரங்கள் என அது பயணம் செய்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் வலுவாக்கினால், பளு அடுத்த கண்ணியின்மேல் விழுகிறது. சிறிய எஞ்சினுக்கென அளந்து செய்த அச்சு, பெரிய எஞ்சினின் முறுக்கு விசையில் முறியக்கூடும். பழைய ரேடியேட்டர் புதிய வெப்பத்தைத் தணிக்கப் போதாது. வேகம் இரு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

தானியங்கி கியரும் தனக்குரிய விலையைக் கேட்கிறது. எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கைத் தானே விழுங்கி வெப்பமாக்குகிறது. இதனால்தான் சிறிய எஞ்சினோடு அது சோர்ந்து போகிறது. பெரிய எஞ்சின் தேவை என்ற எண்ணமும் எழுகிறது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதுண்டு. பழைய வகைத் தானியங்கி கியரில் அந்தப் பிடி தளர்கிறது. அந்தச் சுமையும் பிரேக்கையே சேர்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இளைஞரின் ஆசையே தவறா? அல்ல. இவ்வகை வண்டியை உருவாக்கிய நிறுவனமே அதைத்தான் செய்திருக்கிறது. 1970-இல் ஜப்பானில் முதல் ஜிம்னி வெளிவந்தபோது அதன் எஞ்சின் 359 சி.சி.; ஆற்றல் 25 குதிரைத்திறன். 1985-இல் அதன் வழித்தோன்றல் ஜிப்சி என்னும் பெயரில் 970 சி.சி. எஞ்சினுடன் நம் நாட்டுக்கு வந்தது. 1993-இல் சக்கரங்களின் இடைவெளி அகலமாக்கப்பட்டது. 1996-இல் 1298 சி.சி. எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. 2000-இல் ஆற்றல் 80 குதிரைத்திறனை எட்டியபோது, பிரேக்கிற்குத் துணைவிசை தரும் பூஸ்டரும் சேர்ந்தே வந்தது. 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் 1462 சி.சி. எஞ்சினும், விரும்புவோருக்குத் தானியங்கி கியரும் உண்டு. அரை நூற்றாண்டில் எஞ்சின் நான்கு மடங்கு பெருத்தது. ஆனால் அது தனியாகப் பெருக்கவில்லை. கால் அகன்ற பின்பே இதயம் பெரிதாயிற்று. இதயம் வலுத்தபோது அடக்கும் கையும் வலுத்தது.

இறையருள் மனித இயல்பைத் துடைத்துவிட்டு அதன் இடத்தில் அமர்வதில்லை, அந்த இயல்பையே முழுமைக்கு இட்டுச் செல்கிறது என்பது, 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கிய உண்மை. மனிதர் செய்யும் மாற்றங்களுக்கும் இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஜிப்சியின் சிறப்பு அதன் எடைக்குறைவு. கனத்த வண்டிகள் புதையும் சேற்றில் அது மிதப்பதுபோல் கடந்து செல்லும். முன்புறம் பாரத்தை ஏற்றி அந்தச் சிறப்பையே போக்கிவிட்டால், அந்த வண்டியை நாம் வளர்த்தோம் என்பதா, அழித்தோம் என்பதா?

"என் வண்டி, என் பணம், எவர் தடுப்பது?" என்ற வாதம் எழலாம். ஆனால் சாலை எவருக்கும் தனிச் சொத்தன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. எனினும் உடற்குறை உள்ளவரின் பயன்பாட்டுக்காக, உரிய அனுமதியுடன் செய்யும் மாற்றத்துக்கு அச்சட்டத்திலேயே இடம் உண்டு. நோகும் காலுக்கு வழிவிடும் சட்டம், வேக ஆசைக்கு வழிவிடவில்லை. இளைஞரின் உள்ளத்தில் இவ்விரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. காலின் வலி உண்மையானது. ஆயினும் அந்த வலியின் பெயரால் ஆசையும் உள்ளே நுழைந்திருந்தது. நம் தேவைகளையும் ஆசைகளையும் பிரித்தறிவது நம் எல்லோருக்குமே அரிதான செயலன்றோ?

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தம் போர்க்கவசத்தை அணிவித்த நிகழ்வை நாம் அறிவோம். கவசம் உயர்ந்ததுதான், ஆனால் அதை அணிந்து நடந்து பழகாத இளைஞனுக்கு அது சுமையாயிற்று. அவன் அதைக் களைந்துவிட்டு, தன் கை பழகிய கவணோடும் ஓடையில் எடுத்த ஐந்து கற்களோடும் சென்றான். வலிமை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. தன்னால் ஆள முடிந்த வலிமையைத் தேர்ந்துகொண்டான்.

சங்ககிரியின் லாரிகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், நாமக்கல்லின் லாரி கட்டும் பட்டறைகளும் நிறைந்த இந்தச் சமவெளியில் பாரத்தின் கணக்கை அறியாதவர் குறைவு. இந்த அச்சுக்கு இவ்வளவு பாரம் என்று நொடியில் சொல்வார்கள். அதே நாம், பெற்ற பிள்ளையின் மேல் நம் கனவுகளை ஏற்றும்போது அந்தக் கணக்கை ஏன் மறக்கிறோம்? மதிப்பெண்ணுக்காக விடுதிப் பள்ளியில் சேர்த்து, விடியுமுன் எழுப்பி, இரவு வரை படிக்க வைக்கிறோம். எஞ்சினைப் பெரிதாக்குகிறோம். தோல்வி வந்தால் தாங்கும் மனத்தையும், களைத்தால் "போதும்" என்று சொல்லும் துணிவையும் அதற்கு ஈடாக வளர்த்தோமா? உடைந்த அச்சுக்கு வேறு அச்சு வாங்கலாம். உடைந்த பிள்ளைக்கு என்ன செய்வோம்?

அந்த இளைஞர் அன்று பதில் சொல்லாமல் திரும்பினார். சில நாள்கள் கழித்து, எஞ்சினை மாற்றப் போவதில்லை என்றார். கிளட்சைக் கையால் இயக்கும் அமைப்பைப் பொருத்த அனுமதி கேட்டு விண்ணப்பிக்கப் போகிறாராம். வண்டி இப்போதும் அதே பட்டறையில்தான் நிற்கிறது. முதல் வேலையாகப் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.