வேத வசனமும் நொய்லாண்ட் எழுத்தும்

நொய்லாண்ட், ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரிலிருந்த கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்துக்காக ருடால்ஃப் கோக் 1923இல் செய்த தலைப்பு எழுத்துரு. இதில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. கோடுகள் தடித்தவை, முனைகள் உளி பட்டதுபோலக் கூரானவை, வளைவுகள்கூட மூலை தட்டி நிற்பவை. எழுத்துக்குள் வெள்ளை இடம் மிகக் குறைவு. வரிகளை நெருக்கி அடுக்கினால் பக்கமே மரச்செதுக்கு அச்சைப்போலக் கறுத்துவிடும்.

கோக் இதற்குக் காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொள்ளவில்லை. எஃகுத் தண்டின் முனையில் நேராகவே வெட்டினார், அதுவும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக. அதனால் அளவுக்கு அளவு வடிவம் சற்று மாறும். அவர் லூத்தரன் சபையின் ஆழ்ந்த விசுவாசி. வேத வசனங்களைக் கையால் எழுதியவர், பெரிய திரைச்சீலைகளில் அவற்றை நெய்வித்தவர். எழுத்து வெட்டுவதையும் ஊழியமாகவே அவர் கருதினார் என்பதற்கு அந்த வேலைகளே சாட்சி.

வசனத்தைத் தாங்கும் எழுத்து தன்னையும் காட்டிக்கொள்ளலாமா? இங்கே எழும் இந்தக் கேள்வி பழையது. குறி என்பது பொருளைச் சுட்டுவதற்கே என்றார் புனித அகுஸ்தீன். வழியில் உள்ளதிலேயே மனம் தங்கிவிட்டால் போய்ச் சேர வேண்டிய இடம் மறந்துபோகும் என்பது அவருடைய கவலை. 1930இல் லண்டனில் அச்சுக்கலை எழுத்தாளர் பியாட்ரிஸ் வார்ட் சமயத்தைத் தொடாமலே இதை ஒத்த வாதத்தை வைத்தார்: நல்ல அச்சு தெளிந்த படிகக் கிண்ணம், கண்ணில் படவேண்டியது உள்ளிருக்கும் மதுதான்.

இதற்கு எதிர்ச்சாட்சி கூஃபி என்னும் அரபு எழுத்துவகையில் எழுதிய பழைய குர்ஆன் பிரதிகளில் இருக்கிறது. அவற்றுள் பலவற்றில் அகன்ற தோல் பக்கத்துக்குச் சில வரிகளே உண்டு; எழுத்துகள் தடித்து, கோணங்களோடு, நீண்டு கிடக்கின்றன. வேகமாக வாசிக்க அவை இடம் தருவதில்லை. ஓதுவோர் பலருக்கு வாசகம் மனப்பாடம் என்பதால் அந்தத் தாமதம் குறையாகவில்லை; வாசகத்துக்கு மரியாதையாகவே அமைந்தது.

ஆக, கேள்விக்கான விடை வாசகம் செய்யும் வேலையைப் பொறுத்தது. கட்டளை, கல்லறை வாசகம், ஆலயச் சுவரில் ஒற்றை வசனம், நூலின் முகப்பு ஆகியவை அறிவிப்புகள். அங்கே கண் நிற்கத்தான் வேண்டும், நொய்லாண்ட் அதற்கே பிறந்தது. நீண்ட சங்கீதமோ நிருபமோ வேறு வகை. அவற்றில் சிந்தனையைத் தொடர வேண்டிய வாசகரை இந்த எழுத்து சொல்லுக்குச் சொல் மறிக்கும். அகுஸ்தீனின் கவலை இங்கேதான் உண்மையாகிறது.

வடிவத்திலேயே புனிதம் குடியிருக்கிறதா என்றால், இல்லை. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் பெயர் இதே நொய்லாண்ட் பாணி எழுத்தில்தான் நின்றது. அமெரிக்காவில் ஆப்பிரிக்கா என்றாலே இந்த எழுத்தைப் போடும் வழக்கமும் வந்தது. ஒரு கண்டத்தின் மக்களையே காட்டுத்தனத்தோடு சேர்த்துவிடும் வருத்தத்துக்குரிய வழக்கம் அது. குறுக்குக் கோடுகளாலான ஒரே எழுத்து கிரேக்கரிடம் ஓர் ஒலியாகவும் லத்தீன் பேசுவோரிடம் வேறோர் ஒலியாகவும் இருப்பதை அகுஸ்தீன் எடுத்துக்காட்டினார்: அது இயற்கையில் வந்த பொருளன்று, மனிதர் இசைந்து கொடுத்தது. கோக் தந்த பொருள் அவருடைய சபைக்குள் செல்லுபடியானது. திரையரங்கு வேறொன்றைத் தந்தது.

அதனால் நொய்லாண்டை வசனத்துக்கு எடுப்பவர் சூழலையும் சேர்த்தே அமைக்க வேண்டியிருக்கிறது: சில சொற்கள், பெரிய அளவு, நெருக்கமான வரிகள், சுற்றிலும் தாராளமான வெற்றிடம், ஒரே நிறம். விளக்கவுரை எவ்வளவு சிறியதானாலும் அதற்கு வேறு எழுத்தே ஏற்றது.