தேடும் தொண்டு

அந்தமானில் சாத்தம் துறையிலிருந்து படகேறினால் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். 2004 டிசம்பர் 26 அன்று காலை, சுமத்ராவை ஒட்டிய கடலடியில் எழுந்த நிலநடுக்கம் இத்தீவுகளை உலுக்கியது. தென் அந்தமானின் கரையோர நிலம் தாழ்ந்தது; ஆழிப்பேரலை உட்புகுந்தது. பெருநிலத்திலிருந்து உதவி வர ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடக்க வேண்டும். இத்தகைய இடத்தில் முதலில் நீளும் கை அண்டை வீட்டாருடையதே.

அக்கைக்கு அன்பு மட்டும் போதுமா? மூழ்குபவர் பதற்றத்தில் பற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிப் போகலாம். கரையில் நின்றே கயிறு எறியவும் கழி நீட்டவும் பழகியிருக்க வேண்டும். இதனால்தான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் ஊர்த் தொண்டர்களுக்கு 12 நாள் மீட்புப் பயிற்சி வகுக்கப்பட்டது.

இலங்கையில் சீதா தேவியைத் தேடிய அனுமனை நினைத்துப் பாருங்கள். மாளிகைதோறும் தேடியும் காணாமல் அவர் மனம் சோர்ந்ததாக வால்மீகி கூறுகிறார். கடலைத் தாண்டிய வலிமை அந்நேரத்தில் கைகொடுக்கவில்லை. சோர்வை உதறி, இன்னும் தேடாத இடம் எதுவென நோக்கினார்; அசோகவனம் கண்ணில் பட்டது. இடிபாடுகளிடையே தேடும் தொண்டருக்கும் வேண்டியது அந்த நிதானமே. அது ஆபத்து நேரத்தில் திடீரென வாய்ப்பதன்று. அன்றாடப் பயிற்சியில் விளைவது.

அன்பர்களே, இடர் வரும் நாளை நாம் அறியோம். ஆனால் இன்றே ஒரு முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்கலாம். பெயர் அறியாத ஒருவருக்காக இன்று செய்யும் அந்தப் பயிற்சியும் இறைவழிபாடே.