மறைப்பது அன்பாகுமா?

இல்லத்தில் ஒருவர் போதைப் பழக்கத்திற்கு ஆளாகின்றாரோ என்னும் ஐயம் எழும்போது, பெற்றோர் உள்ளத்தில் இரண்டு கடமைகள் மோதுகின்றன. பெற்ற பிள்ளையை ஐயுறுவது அன்புக்கு இழுக்கு என்று ஒரு மனம் கூறும். கண்டும் காணாதிருப்பது பிள்ளையைக் கைவிடுவதே என்று மறுமனம் இடித்துரைக்கும். இவற்றுள் எது அறம்?

ஐயுறுதல் வேறு, கூர்ந்து நோக்குதல் வேறு. ஐயம் குற்றத்தைத் தேடும். அன்பு மாற்றத்தைக் காணும். உறக்கமும் பசியும் முறைமாறுதல், உடல் மெலிதல், பழைய நண்பரை விலக்குதல், காரணம் கூறாது பணம் கேட்டல், வீட்டுப் பொருள்கள் காணாமற்போதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். கஞ்சா கண்களைச் சிவக்கச் செய்யும். ஹெராயின் போன்ற அபினி வகைகள் கண்மணியை ஊசிமுனை போலச் சுருக்கும். அவை கிட்டாத வேளையில் மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, வியர்வை, உடல்வலி தோன்றும். வலிநீக்கும் மாத்திரைகள் சிலவும் இவ்வாறே அடிமைப்படுத்தும். மருந்துக் கடையில் கிடைப்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

எனினும் ஒரு குறி கண்டே தீர்ப்புக் கூறலாகாது. தேர்வு அச்சமும் மனச்சோர்வும் இவற்றுட் சிலவற்றைத் தோற்றுவிக்கும். பல குறிகள் ஒருங்கே கூடி நீடிக்குமாயின், பிள்ளை தெளிந்திருக்கும் வேளையில் தனிமையில் பேசுதல் வேண்டும். "நீ கெட்டாய்" என்னும் சொல் கதவை அடைக்கும். "நான் இன்னது கண்டேன், அஞ்சுகின்றேன்" என்னும் சொல் கதவைத் திறக்கும்.

"ஊரார் அறிந்தால் குடும்ப மானம் என்னாவது?" என்று அஞ்சுகின்றோம். அதனால் பிள்ளையின் கடனை அடைக்கின்றோம்; கல்லூரிக்குப் பொய்க்காரணம் எழுதுகின்றோம். இவை பிள்ளையைக் காப்பதில்லை, பழக்கத்தையே காக்கின்றன. பிறர்முன் தூற்றாதிருத்தல் அறம். மருத்துவரிடம் மறைத்தல் அறமன்று.

போதைக்கு அடிமையாதல் மூளையைப் பற்றும் நோய் என்று மருத்துவம் தெளிவுறுத்துகின்றது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், அதனைப் பயன்படுத்தியமைக்காகவோ சிறிதளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையுற்றோர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெறின், வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வகுத்துள்ளது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980-இல் தொடங்கப்பெற்று இத்துறையில் முன்னோடியாயிற்று. 14446 என்னும் மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

காய்ச்சலைக் கண்டறிந்த தாயை ஐயுற்றாள் என்று எவரும் பழிப்பதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தது அன்பெனின், இதுவும் அன்பே.