அனாமத்துக் கணக்கு

பி.காம். முதல் வருஷம், முதல் வாரம். அக்கவுன்டன்சி பேராசிரியர் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: ‘கடை வேறு, கடைக்காரர் வேறு.’

வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று அதற்குப் பெயர். சொந்தக் கடையாகவே இருந்தாலும், கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்துப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கினால் அதை ‘எடுப்புகள்’ என்று எழுதியாகவேண்டும். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். “சார், கடைக்காரர் கடையிலேர்ந்து எடுத்தா எடுப்பு. கடை கடைக்காரர்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டா?”

“அதுக்குப் பேரு முதல். உட்காருடா!” வகுப்பே சிரித்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவன் இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுன்டன்சி டியூஷன் எடுக்கிறான். மடிப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் ஒன்பது பேரோடு ஆரம்பித்தது. பதினைந்து வருஷத்தில் மூன்று கிளைகள், நானூறு சொச்சம் மாணவர்கள், பன்னிரண்டு ஊழியர்கள், ஒரு வங்கிக் கடன். மெயின் ரோடு பிளெக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். நாங்கள் கிண்டல் செய்வோம், “கட்சி எப்ப ஆரம்பிக்கறே?” என்று.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். காபி ஆறிப்போகும்வரை பேசவில்லை. பிறகு சொன்னான்.

ஒரு பெண் தேய்மானத்தில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். விளக்கினான். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அன்றைக்கு அது அவனுடைய நாலாவது பேட்ச். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்த தொண்டை. கையிலிருந்த மார்க்கரை மேஜையில் வீசி எறிந்து, “இது கூடப் புரியலைன்னா நீ எதுக்கும்மா காமர்ஸ் எடுத்தே?” என்று கத்திவிட்டான். அவள் அழவில்லை. நோட்டை மூடி வைத்தாள். அவ்வளவுதான்.

“அது கூடப் பரவாயில்லைடா. மூணு வாரம் கழிச்சு அவ அப்பா வந்தாரு. ‘பொண்ணு டியூஷனுக்குப் போகமாட்டேங்கறா, என்ன சார் நடந்தது?’ன்னு கேட்டாரு. ஃபீஸைத் திருப்பிக் கேட்கலை. அவர் சொல்லித்தான் அவ வராததே எனக்குத் தெரியும். மூணு வாரம்! முதல் பேட்ச்ல ஒம்போது பேரு. ஒருத்தன் பத்து நிமிஷம் லேட்னா வீட்டுக்கு போன் பண்ணுவேன்.”

அப்புறம் மற்றதெல்லாம் வந்தது. தூக்கம் இல்லை. கிளைக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு, மாடி ஏற மனசில்லாமல் கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பது. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்து இ.சி.ஜி. எடுத்தால் நார்மல். யாரோ சொன்னார்கள் என்று விடியற்காலை யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறான். “அங்கேயும் அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்கடா. அதுக்கும் டென்ஷனாயிடுது.”

நான் படித்திருந்ததைச் சொன்னேன். 1974-ல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது கம்பெனி முதலாளிகளை அல்ல. இலவச மருத்துவமனையில் ஆசையாக, முழு மனசோடு சேவை செய்ய வந்தவர்களை! கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து சாம்பலாகிப் போனவர்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் உண்டாகும் நிலை என்று வரையறுத்து மூன்று அடையாளம் சொன்னது. சக்தியெல்லாம் வற்றிப்போவது. வேலை மீதே ஒரு விலகலும் கசப்பும். நம்மால் உருப்படியாக எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம்.

“மூணும் இருக்கு. சென்டம்” என்றான்.

கோட்டா ஞாபகம் வந்தது. ராஜஸ்தானின் அந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர் வி.கே. பன்சால். தசைச் சிதைவு நோய் வந்து சக்கர நாற்காலிக்குப் போனவர். வீட்டில் சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, 1991-ல் அதை ஒரு நிறுவனமாக்கினார். அவரைப் பார்த்து ஊரே கோச்சிங் ஊராயிற்று. லட்சக்கணக்கான பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். 2021-ல் அவர் காலமானார். 2023 ஆகஸ்டில், விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. எதற்கு என்று விளக்கவேண்டியதில்லை. அக்கறையாக ஆரம்பிக்கிற ஒன்று, வளர்கிற வேகத்தில் அக்கறையை எங்கோ இறக்கிவிட்டுப் போய்விடுகிறது.

2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால், ஆசிரியரே முதலாளியாகவும் இருந்தால் அவருக்கு யார் லீவு கொடுப்பது?

“கொஞ்சம் குறைச்சுக்கோயேன்” என்றேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. “ஈஸியா சொல்லிட்டே. பன்னிரண்டு குடும்பம் இதை நம்பி இருக்கு. முப்பது பசங்க பாதி ஃபீஸ்ல படிக்கறாங்க. பெரிசா இருக்கறதாலதான் அது முடியுது. நான் நிம்மதியா தூங்கணும்னு அவங்களை வெளியே அனுப்பட்டுமா? அது சுயநலம் இல்லையா?”

நியாயமான கேள்வி. நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். மனசைப் பார்த்துக்கொள்வது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சலுகை. கடமையெல்லாம் முடிந்தபிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காமர்ஸ் புத்தியோடு ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்ப்போம். அந்த அப்பா ஃபீஸ் கட்டி என்ன வாங்கினார்? நோட்ஸா? அது ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். ஏ.சி. ரூமா? இல்லை. ‘என் பெண் இரண்டாவது தடவை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்’ என்ற நம்பிக்கையை வாங்கினார். விற்பனைக்கு வைத்த சரக்கு ஆசிரியரின் கவனம். ஐம்பது மூட்டை இருப்பு வைத்துக்கொண்டு எழுபது மூட்டைக்குப் பணம் வாங்குகிற அரிசி வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? கவனம் தீர்ந்துபோனபிறகும் அட்மிஷன் போடுவதற்கும் அதே பெயர்தான்.

அதனால், மனசைக் காப்பாற்றிக்கொள்வது சுயநலம் இல்லை. அது எடைக்கல்லைச் சரியாக வைத்துக்கொள்வது மாதிரி. வாங்குகிறவருக்குச் செய்யவேண்டிய நியாயம்.

அப்படியானால் யாருமே வளரக் கூடாதா? இதை அவனிடமே கேட்டேன். “மத்த டீச்சர்ஸ் இருக்காங்களே, இறுதிக் கணக்குகளை அவங்க எடுத்தா என்ன?”

“அதெப்படி? என் முகத்துக்காகத்தானே வர்றாங்க!”

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். பிளெக்ஸ் ஞாபகம் வந்திருக்கவேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரே ஒரு முகம்!

பாரம் அழுத்துகிறது என்று சொல்கிறோம். அதில் பாதி, இன்னொருவர் தோளுக்கு மாற்ற மனசில்லாமல் நாமே பிடித்துக்கொண்டிருப்பது. ‘நான் இல்லாவிட்டால் நடக்காது’ என்பதில் களைப்பு இருக்கிறது, கொஞ்சம் இனிப்பும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிவதில்லை. ரப்பர் மாதிரி ஒரே ஆள் இழுபட்டுக்கொண்டே போவதும் வளர்ச்சிதான்; ஒருவரிடம் இருந்தது பத்துப் பேருக்கு வந்துசேர்வதும் வளர்ச்சிதான். முதலாவது என்றைக்காவது அறுந்துபோகும்.

அவன் ஞானியாகிவிடவில்லை. நாலாவது கிளைக்குத் தாம்பரத்தில் பார்த்த இடத்தை விட்டுவிட்டான். அட்வான்ஸில் பாதி போயிற்று. காலை ஐந்தரை பேட்ச் இல்லை. அதனால் நாற்பது பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், தவணை கட்டும் தேதி வந்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறதாம். மனநல மருத்துவரைப் பார்க்கிறான். மனைவிக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது. இறுதிக் கணக்குகளை இப்போது ஓர் இளம் ஆசிரியை எடுக்கிறார். “சரிக்கட்டுதல்களை என்னைவிட நல்லா சொல்லித்தர்றாடா” என்றான், கொஞ்சம் சந்தோஷமாக, கொஞ்சம் பொறாமையாக. இந்த ஜூன் மாத பிளெக்ஸில் ஐந்து முகங்கள். இவன் ஓரத்தில்.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். “பரவாயில்லை சார்” என்றாளாம். வேறு இடத்தில் படித்து பாஸாகி, கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள். பி.காம். இல்லை. இங்கிலீஷ் லிட்டரேச்சர்.

“அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கும்” என்றேன் சமாதானமாக.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றான்.

இருப்பாய்வில் இரண்டு பக்கமும் நேராகாவிட்டால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்று எழுதி வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். தவறு எங்கே என்று தெரியும்வரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பெண்ணை அவன் அங்கேதான் வைத்திருக்கிறான். அடித்துவிடச் சொல்லி நானும் சொல்லவில்லை.