குற்றமும் பாவமும்: சிறு முதலீட்டுக் குற்றப்படங்களின் அறக்கேள்வி

குற்றம் சட்டத்தை மீறுவது. பாவம் கடவுளையோ மனச்சாட்சியையோ மீறுவது. கொலை போன்ற செயல்கள் இரண்டு கணக்கிலும் ஏறும். பொறாமையும் வஞ்சமும் செயலாக மாறாதவரை சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. சாகும் நிலையில் பசிக்கு எடுத்தவனைச் சட்டம் திருடன் என்று பிடிக்கலாம். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அத்தகைய நெருக்கடியில் எடுப்பதைத் திருட்டாகக் கருதவில்லை. இரண்டு கணக்குகளும் பொருந்தாத இடத்தில் சில கேள்விகள் பிறக்கின்றன. தண்டனை முடிந்த பிறகும் பாவம் மிஞ்சுமா? சட்டத்திடம் சிக்காதவனுக்கு மீட்சி உண்டா? பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டால் நீதிக்கு என்ன வேலை? அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே சிறு முதலீட்டில் உருவான குற்றப்படங்கள் சில இக்கேள்விகளைக் கூர்மையாக எழுப்பியுள்ளன. எட்கர் உல்மரின் 'டீட்டூர்' (1945), மார்ட்டின் ஸ்கார்செசியின் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' (1973), ஏபெல் ஃபெராராவின் 'பேட் லெஃப்டினன்ட்' (1992) ஆகிய மூன்றும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது விதியைப் பற்றியும், இரண்டாவது பரிகாரத்தைப் பற்றியும், மூன்றாவது மன்னிப்பைப் பற்றியும் கேட்கிறது.

ஹாலிவுட் இக்கேள்விகளுக்கு நெடுங்காலம் ஒரே விடையை வைத்திருந்தது. 1930இல் ஏற்கப்பட்ட தயாரிப்பு நெறிமுறையை வரைந்தவர்களில் முதன்மையானவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு. கத்தோலிக்கப் பதிப்பாளர் மார்ட்டின் குவிக்லி அவருடன் இணைந்து பணியாற்றினார். 1934 முதல் ஜோசப் பிரீன் அந்நெறிமுறையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ சாயக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே திரையில் தவறு செய்தவர் படம் முடிவதற்குள் பிடிபட வேண்டும், அல்லது சாக வேண்டும். இவ்வாறு குற்றமும் பாவமும் ஒரே கணக்காயின. கைவிலங்கு மாட்டிய கணத்தில் இரண்டும் தீர்ந்தன. இதன் பின்னிருந்த கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. வயது, கல்வி, அனுபவம் ஆகியவற்றில் வேறுபட்ட அனைவரையும் ஒரே நேரத்தில் சென்றடையும் கலைக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று லார்ட் கருதினார். ஆனால் நெறிமுறை ஒரு விடையைக் கட்டாயமாக்கியபோது கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. 1968இல் வயதுவாரித் தரப்பிரிப்பு முறை வந்ததும் நெறிமுறை முடிவுக்கு வந்தது.

பணமின்மை இப்படங்களின் சிந்தனையை மூன்று வழிகளில் பாதித்தது. காவல் நிலையம், நீதிமன்றம், துரத்தல், சிறை ஆகியவற்றைக் காட்ட அரங்குகளும் துணை நடிகர்களும் வண்டிகளும் வேண்டும். அவற்றுக்கு வசதியில்லாத படத்தில் சட்டம் பெரும்பாலும் திரைக்கு வெளியே நின்றுவிடுகிறது. குற்றவாளியும் அவன் முகமும் மட்டுமே மிஞ்சுகின்றன. அடுத்து, நட்சத்திரத்தின் பெயரையோ பெருமுதலையோ காக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், மையப் பாத்திரம் வெறுக்கத்தக்கவனாகவும் இருக்கலாம். முடிவு நிறைவு தராததாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, அரங்கு போட முடியாதவர்களில் பலர் நிஜத் தெருக்களில் எடுக்கிறார்கள். அங்கே நாயகனின் துயரத்தைப் பொருட்படுத்தாத நகரமும் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. பணக்குறைவு தானாக ஆழத்தைக் கொண்டுவருவதில்லை. மலிவாக எடுத்த குற்றப்படங்களில் பெரும்பாலானவை வெறும் வணிகச் சரக்கே. ஆனால் ஆயத்தமான விடைகளைக் காட்டும் வசதியைப் பணக்குறைவு பறிக்கிறது. அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்பது இயக்குநரைப் பொறுத்தது.

'டீட்டூர்' நெறிமுறை உச்சத்தில் இருந்த காலத்தில், பி.ஆர்.சி. என்ற சிறு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. அதன் நீளம் 68 நிமிடம்தான். ஆறே நாளில் எடுத்ததாக உல்மர் பின்னாளில் சொன்னார். உண்மையில் அதைவிடக் கூடுதல் நாள்கள் ஆயின என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நியூயார்க் தெருவை அமைக்கப் பணமில்லாததால் புகைமூட்டத்தால் மறைத்தார்கள். கார்ப் பயணத்தின் பெரும்பகுதி நடிகர்களுக்குப் பின்னால் திரையில் சாலைக் காட்சியை ஓட்டி எடுக்கப்பட்டது. ஆல் ராபர்ட்ஸ் என்ற பியானோ கலைஞன் காதலியைத் தேடி, வழியில் வரும் கார்களில் இடம் கேட்டு லாஸ் ஏஞ்சலீசுக்குப் போகிறான். அவனை ஏற்றிக்கொண்ட ஹாஸ்கல் பயணத்தில் அசைவற்றுப் போகிறான். ஆல் கதவைத் திறந்ததும் ஹாஸ்கல் கீழே விழ, அவன் தலை கல்லில் மோதுகிறது. கொலைப்பழி வரும் என்று அஞ்சிய ஆல், அவன் காரையும் பணத்தையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். பிறகு அவனை மிரட்டும் வேரா என்ற பெண்ணும் அவன் கையால் சாகிறாள். மூடிய கதவுக்கு மறுபுறம் தொலைபேசிக் கம்பி அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது தெரியாமல் அவன் அதை இழுக்கிறான்.

இரண்டு சாவிலும் அவனிடம் கொல்லும் நோக்கம் இருந்ததாகப் படம் காட்டுவதில்லை. பாவம் செயலில் இல்லை, மனம் அதற்கு இசைவதில் இருக்கிறது என்று 12ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் பீட்டர் அபெலார்ட் வாதிட்டார். அந்த அளவுகோலில் ஆல் கொலைப்பாவி ஆகமாட்டான். பிறன் பொருளை எடுத்ததும் உண்மையை மறைத்ததுமே அவன் பாவங்கள். ஆனால் மனிதர் ஒருவரை ஒருவர் எடைபோடும்போது விளைவையும் சேர்த்தே எடைபோடுகின்றனர். தத்துவ அறிஞர்கள் பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976இல் இதை ஒரு தத்துவச் சிக்கலாக முன்வைத்தனர். ஒரே அளவு கவனக்குறைவுடன் வண்டி ஓட்டிய இருவரில் ஒருவர் பாதையில் குழந்தை குறுக்கே வந்தால், அவர்மேல் மட்டும் பெரும்பழி விழுகிறது. இருவரையும் வேறுபடுத்துவது தற்செயல் மட்டுமே. தற்செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமா? ஆல் இதே முறையீட்டையே படம் முழுக்கச் செய்கிறான்.

தமிழ் மரபின் ஊழ் என்ற கருத்து இங்கே நினைவுக்கு வரலாம். வேறுபாடும் உடனே தெரியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவுக்குப் பின்னால் முற்பிறவிச் செயல் ஒன்று சொல்லப்படுகிறது. அங்கே விதிக்கும் ஒரு கணக்கு உண்டு. 'டீட்டூரின்' விதிக்கு முன்கதை இல்லை. காரணமின்றி ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுக் கதையையும் சொல்வது ஆலின் குரல்தான். பின்னணிக் குரல் செலவு குறைந்த உத்தி. எடுக்க முடியாத காட்சிகளை அது சொற்களால் நிரப்பும். ஆனால் அதுவே படத்துக்குப் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் வடிவத்தைத் தந்து, பார்வையாளரைக் குருவின் இடத்தில் அமர்த்துகிறது. விதியின் மேல் பழியைப் போடுபவன் உண்மையைச் சொல்கிறானா, தன்னைத் தேற்றிக்கொள்கிறானா என்று விமர்சகர்கள் நெடுநாளாக ஐயப்பட்டு வருகின்றனர். இறுதியில் காவல்துறைக் கார் வந்து ஆலை ஏற்றிச் செல்கிறது. நெறிமுறை கேட்ட தண்டனை கிடைத்துவிட்டது. ஆனால் எந்தச் செயலுக்கு என்பது தெளிவாகவில்லை.

'மீன் ஸ்ட்ரீட்ஸ்' நெறிமுறை மறைந்த பிறகு வந்தது. இளமையில் குருவாக விரும்பி, சிறிது காலம் ஆயத்தக் குருமடத்தில் படித்தவர் ஸ்கார்செசி. 'பாக்ஸ்கார் பெர்த்தா' (1972) என்ற வணிகப் படத்தை முடித்திருந்த அவரை, சொந்த அனுபவத்திலிருந்து படம் எடுக்கும்படி இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் தூண்டினார். சில லட்சம் டாலரில் உருவான இப்படத்தின் கதை நியூயார்க்கின் லிட்டில் இத்தாலியில் நடக்கிறது. ஆனால் செலவைக் குறைக்கப் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலீசில் எடுக்கப்பட்டது. கையில் பிடித்த கேமராவின் தடுமாற்றம் பாத்திரங்களின் நிலையின்மையோடு ஒட்டிக்கொண்டது.

நாயகன் சார்லி சிறு ரவுடிகளுடன் திரிபவன். தவறாமல் கோவிலுக்கும் போகிறவன். கத்தோலிக்க மரபில் மனம் வருந்துதல், பாவத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாவப்பொறுத்தலில் மனிதனின் பங்கு. முதல் இரண்டையும் சார்லி ஏற்கிறான், மூன்றாவதில் முரண்படுகிறான். குரு விதிக்கும் செபங்கள் அவனுக்கு வெறும் சொற்களாகத் தோன்றுகின்றன. செய்த தவற்றுக்கு உடலால், தெருவில், உண்மையான விலை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறான். மெழுகுவர்த்திச் சுடரில் விரலை நீட்டி நரகத்தின் வெம்மையை அளந்து பார்க்கிறான். கடனைத் திருப்பாமல் வம்பை விலைக்கு வாங்கும் ஜானி பாய் என்ற நண்பனைக் காப்பாற்றுவதையே தன் பரிகாரமாக எடுத்துக்கொள்கிறான்.

பரிகாரத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாமா என்பதே படத்தின் மையக் கேள்வி. பரிகாரத்தை இன்னொருவர் விதிப்பதற்குக் காரணம் உண்டு. மனிதன் தன் வழக்கில் தானே நீதிபதியானால், தனக்குப் பொருந்தும் தண்டனையையே தேர்வான். சார்லியின் தியாகத்திலும் தன்னலம் கலந்திருக்கிறது. ஜானி பாய் அவனுக்கு நண்பன் மட்டுமல்ல, மீட்சிக்கான கருவியும் ஆகிறான். வலிப்பு நோயுள்ள காதலி தெரேசாவையோ, உறவினரின் பார்வைக்கு அஞ்சி அவன் மறைத்தே வைக்கிறான். தேர்ந்தெடுத்த சுமையைத் தூக்குகிறவன், தேர்ந்தெடுக்காத கடமையைத் தட்டிக்கழிக்கிறான். இறுதியில் கடன் கொடுத்தவன் ஏவிய ஆள் ஓடும் காரிலிருந்து சுடுகிறான்; மூவரும் காயமடைகின்றனர். சுடும் ஆளாக நடித்தவர் ஸ்கார்செசியே. யாரும் கைதாவதில்லை. சார்லி தெருவில் மண்டியிட்டிருக்கிறான். பரிகாரம் ஏற்கப்பட்டதா என்று படம் சொல்வதில்லை.

'பேட் லெஃப்டினன்ட்' ஏறத்தாழ 10 லட்சம் டாலரில், சில வாரங்களில், நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. ஃபெராராவுடன் திரைக்கதை எழுதிய ஸோயி லண்ட் அதில் நடித்தும் இருக்கிறார். நாயகன் பெயரில்லாத ஒரு காவல் அதிகாரி. போதைக்கும் சூதாட்டத்துக்கும் அடிமை. தன் அதிகாரத்தைக் கொண்டு பெண்களைத் துன்புறுத்துபவன். சட்டத்தின் பிரதிநிதியே குற்றவாளி என்பதால், இங்கே சட்டம் விடை தர வழியில்லை. கோவிலில் கன்னியாஸ்திரி ஒருவர் இரு இளைஞரால் வன்புணரப்படுகிறார். அவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். ஆயினும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிப் பெயரை வெளியிட மறுக்கிறார்.

மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று அதிகாரி கேட்கிறான். தண்டிக்கப்படாதவர்கள் நாளை வேறு பெண்களைச் சீரழிக்கலாம். அந்தப் பெண்கள் சார்பில் மன்னிக்க இவர் யார்? படத்திலேயே இழிந்த மனிதனின் வாயிலிருந்து வந்தாலும் இது வலுவான கேள்வி. மனிதருக்கு எதிரான பாவத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் போக்காது என்று யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. பிறர் சார்பில் மன்னிக்க எவருக்கும் உரிமையில்லை என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. கிறித்தவத்திலும் எதிர்ப்பு உண்டு. மனமாற்றம் கேட்காமல் வழங்கும் மன்னிப்பை இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியான தம் நூலில் மலிவான அருள் என்று சாடினார். கன்னியாஸ்திரியின் நிலைப்பாட்டுக்கு ஆதரவான விளக்கமும் இருக்கிறது. பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது வேறு, பொதுநீதியைத் தடுப்பது வேறு. அவர் கைவிட்டது தமக்குரியதை மட்டுமே என்று கொண்டால் முரண்பாடு குறையும். ஆனால் பெயர்களை மறைக்கும்போது அவர் அந்த எல்லையைத் தாண்டுகிறார்.

கோவிலில் கிறிஸ்து தன்முன் நிற்பதாகக் காணும் அதிகாரி ஓலமிட்டு அழுகிறான். பிறகு அந்த இரு இளைஞரையும் கண்டுபிடிக்கிறான். கைது செய்யாமலும் கொல்லாமலும், கையில் பணம் கொடுத்து ஊரைவிட்டே பேருந்தில் அனுப்பிவைக்கிறான். சூதாட்டக் கடன் தீராத அவனை, சற்று நேரத்தில் யாரோ காரில் வைத்தே சுடுகிறார்கள். அக்காட்சி தூரத்திலிருந்து ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. மக்கள் தம் வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவன் செயலை அருளின் விளைவு என்றும் சொல்லலாம், கடமை தவறியதன் உச்சம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் படத்தில் இடமுண்டு.

இப்படங்களின் மேல் வைக்கத்தக்க கடுமையான குறை ஒன்று உண்டு. மூன்றிலும் ஆணின் ஆன்மாவே மையம். வேராவின் சாவும், தெரேசாவின் காயமும், கன்னியாஸ்திரியின் துயரமும் அவனது சோதனைக்கான சந்தர்ப்பங்களாகவே வருகின்றன. குற்றவாளியின் முகத்தோடு மட்டும் நிற்கும் கேமரா, குற்றத்துக்கு ஆளானவரின் முகத்தை விட்டுவிடுகிறது. பாவத்தைப் பற்றிய சிந்தனை பாவம் செய்தவனைப் பற்றிய சிந்தனையாகச் சுருங்கும் ஆபத்து சமய அறவியலுக்கும் உண்டு. மூன்றில் 'பேட் லெஃப்டினன்ட்' மட்டுமே, நாயகனுக்குப் புரியாத ஓர் அறநிலைப்பாட்டைப் பாதிக்கப்பட்டவரிடம் வைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

சட்டத்தின் தீர்ப்பைத் திரையிலிருந்து விலக்கிப் பார்த்தால் மூன்று கேள்விகளும் தீராமலே நிற்கின்றன. நோக்கமின்றி நேர்ந்ததற்கு ஒருவர் எவ்வளவு பொறுப்பு, தன் பாவத்துக்குத் தானே விலை நிர்ணயிக்கலாமா, பிறருக்கும் உரிய நீதியை ஒருவர் மன்னிப்பால் விட்டுக்கொடுக்கலாமா என்பவை அவை. 1930இன் நெறிமுறை தண்டனையை இவற்றுக்கெல்லாம் விடையாக வைத்தது. தண்டனை குற்றத்தின் கணக்கை முடிக்கலாம். பாவத்தின் கணக்குக்கு வருத்தமும் பரிகாரமும் மன்னிப்பும் வேண்டும். அவற்றைத் தீர்ப்பெழுதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் இல்லை, திரைப்படத்துக்கும் இல்லை.