தூக்கக் கணக்கு

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளிக்கு நல்ல தொப்பை. 'வாக்கிங் போங்கண்ணே' என்று உபதேசித்தேன். 'பகல்ல இன்னொரு டூட்டி சார். நாலு மணி நேரம் தூங்கினாப் பெரிசு' என்றார்.

2004-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரமே தூங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் தூங்கியபோது இருந்ததைவிட, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவிகிதம் அதிகம். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவிகிதம் குறைவு. 2022-ல் வந்த இன்னொரு ஆய்வில், எடை கூடியவர்கள் ஒரு மணி நேரம் சொச்சம் கூடுதலாகத் தூங்க, தினமும் சுமார் 270 கலோரி தானாகக் குறைந்தது.

பருத்தவரைச் சோம்பேறி என்கிறோம். இவரோ தூக்கத்தை விற்று அரிசி வாங்குகிறார். வாங்கியது யார்? நான்தான். அவர் விழித்திருப்பதால்தானே எனக்கு எட்டு மணி நேரக் குறட்டை! படித்தது பி.காம்.; என் வரவு அவருடைய பற்று என்பது மட்டும் இத்தனை நாள் உறைக்கவில்லை.